ஸ்காட்லாந்தின் உயரமான ஊர் வான்லாக்ஹெட்: அரை நாள் போதுமா, இரண்டு நாள் வேண்டுமா?

கம்பளிப்பூச்சி:
ஜூன் மாதம் கிளாஸ்கோவிலிருந்து வான்லாக்ஹெட் போகத் திட்டம். கார் கிடையாது. எந்தத் தளத்தைத் திறந்தாலும் "ஓடையில் தங்கம் அலசலாம்" என்பதுதான் முதல் வரி. அதைத் தாண்டினால் "பழைய ஈயச் சுரங்கம், ஒரு மியூசியம், அரை நாள் போதும்" என்று முடித்துவிடுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:
1. அரை நாள் போதுமா?
2. பிரிட்டனிலேயே உயரமான ஊர் என்பது உண்மையா?
3. தங்கம் அலச அனுமதி வேண்டுமா?
4. ஓடைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாமா?

சுண்ணாம்புக்கல்:
நாலாவது கேள்விக்கு முதலில் பதில், ஏனென்றால் அதுதான் உடம்பைப் பாதிக்கும். கூடாது. காய்ச்சினால் கிருமி சாகும், ஈயம் சாகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய ஈயத்தின் செறிவு கூடும். சாதாரண முகாம் ஃபில்டரும் கரைந்த உலோகத்தை நம்பும்படியாக எடுக்காது. சுரங்க வாய்களிலிருந்தும் கழிவு மேடுகளிலிருந்தும் வடியும் நீர் எல்லாம் வான்லாக் ஓடையில்தான் சேர்கிறது. குடிநீரைக் குழாயில் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

இரண்டாவது: "ஸ்காட்லாந்தின் உயரமான ஊர்" என்பது சரி. வழக்கமாகச் சொல்லும் உயரம் 1,531 அடி, அதாவது 467 மீட்டர். "பிரிட்டனிலேயே" என்று சேர்த்தால் இங்கிலாந்தில் ஸ்டாஃபர்ட்ஷயரின் ஃப்ளாஷ் கிராமத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வான்லாக்ஹெட் ஒரே மட்டத்தில் இருக்கும் ஊர் அல்ல. பள்ளத்தாக்குச் சரிவில் நீளமாகக் கிடக்கிறது. மேல் வீட்டில் அளந்தால் ஒரு எண், கீழ் வீட்டில் அளந்தால் பல பத்து மீட்டர் குறைவு. அந்தச் சண்டையில் நேரம் போக்காமல் இருப்பது நல்லது.

நிலத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டு போனால் மீதி எல்லாம் தானாக விளங்கும். ஊரைச் சுற்றியுள்ள லோதர் மலைகள் ஸ்காட்லாந்தின் தெற்கு மேட்டுநிலத்தைச் சேர்ந்தவை. ஹைலேண்ட்ஸ் போலக் கூர்மையான பாறை முகடுகள் கிடையாது. உருண்ட, புல்லும் ஹீதர் என்ற குட்டைப் புதரும் போர்த்திய மேடுகள், நடுவே செங்குத்தாக வெட்டிய வி வடிவப் பள்ளங்கள். அடியில் இருப்பது ஆர்டோவிசியன் காலத்துக் கடலடி மணலும் சேறும் இறுகிய கிரேவாக் பாறை. அதன் வெடிப்புகளில் சூடான உப்புநீர் ஏறி ஈயம், துத்தநாகம், கால்சைட், குவார்ட்ஸ், பேரைட் ஆகியவற்றைப் படியவைத்தது. அந்தச் செங்குத்தான தாதுப் பட்டைகள்தான் ஊர் உண்டானதற்குக் காரணம். விவசாயத்துக்காக எவரும் இந்த உயரத்தில் குடியேறியிருக்க மாட்டார்கள்.

ஊருக்கு வடகிழக்கே சுமார் ஒன்றரை மைலில் லெட்ஹில்ஸ். அது 1,295 அடி, ஸ்காட்லாந்தின் இரண்டாவது உயரமான ஊர். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மேடு ஒரு நீர்ப்பிரிவு. இந்தப் பக்கம் விழும் மழை வான்லாக் ஓடை, க்ராயிக், நித் ஆறுகள் வழியாகச் சால்வே வளைகுடாவுக்குப் போகும். அந்தப் பக்கம் விழுவது க்ளென்கோனர் ஓடை வழியாக க்ளைட் நதிக்கு. மாவட்ட எல்லையும் அங்கேதான். நில உடைமையும் பழங்காலம் தொட்டே வேறு வேறு: லெட்ஹில்ஸ் பக்கம் ஹோப்டன் குடும்பம், வான்லாக்ஹெட் பக்கம் குவீன்ஸ்பெரி. பின்னது 1810இல் பக்ளூ எஸ்டேட்டுக்குப் போனது. இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதில் இந்த எல்லையில்தான் இருக்கிறது.

மணல்சலிப்பான்:
மூன்றாவதை நான் எடுத்துக்கொள்கிறேன். அனுமதி கட்டாயம் வேண்டும். 2003ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு எங்கும் நடக்க, கூடாரம் போட உரிமை தருகிறது. அதை வைத்துக்கொண்டு "ஓடையில் அலசவும் உரிமை உண்டு" என்று பலர் நினைக்கிறார்கள். கனிமத்தை எடுத்துப்போவது அந்த உரிமையில் வராது. ஸ்காட்லாந்தில் தங்கம் பழைய சட்டப்படி அரசுடைமை. அதற்கு மேல் நில உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். வான்லாக்ஹெட் பக்கத்து அனுமதி சுரங்க மியூசியம் வழியாகக் கொடுக்கப்பட்டு வந்தது. லெட்ஹில்ஸ் பக்கம் தனி எஸ்டேட், தனி அனுமதி. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதில் இறங்கக் கூடாது. எந்த ஓடை, எந்த மாதங்கள், என்ன கருவி என்ற நிபந்தனைகள் மாறுவது உண்டு. போவதற்கு முன் மியூசியத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

நிபந்தனைகளுக்குக் காரணம் மீன். டிரௌட்டும் சால்மனும் இலையுதிர்காலக் கடைசியில் சரளைக்குள் முட்டையிடும். வசந்தம் வரை முட்டையும் குஞ்சும் அந்தக் கல்லிடுக்கில்தான் இருக்கும். சரளையைக் கிளறினால் மேலே கிளம்பும் வண்டல் கீழே போய்ப் படிந்து முட்டைக்கு மூச்சு முட்டும். கரையைத் தோண்டுவது எந்தக் காலத்திலும் கூடாது. கரை சரிந்தால் பழைய ஈயக் கழிவும் சேர்ந்து ஆற்றில் இறங்கும்.

அலசும் முறை தெரிந்தவர்களுக்கே இங்கே ஒரு சிக்கல் உண்டு. தங்கத்தின் அடர்த்தி சுமார் 19.3, சாதாரண மணல் 2.65. இந்த இடைவெளியை நம்பித்தான் தட்டு வேலை செய்கிறது. மற்ற ஆறுகளில் கடைசியாகத் தட்டில் தங்குவது அடர்த்தி 5 சொச்சம் உள்ள கறுப்பு மேக்னடைட். இங்கே ஈயத் தாதுவான, 7.5 உள்ள கலீனாத் துணுக்குகளும், 11.3 உள்ள ஈயத் துளிகளும் சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும். அவசரப்பட்டு அலசினால் அவற்றைத் தள்ளுகிறேன் என்று பொடித் தங்கத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

சரியான வரிசை இது. முதலில் சுமார் 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையால் பெருங்கல்லை நீக்குங்கள். தட்டை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். தண்ணீருக்கு அடியில் வைத்துக் களிமண் கட்டிகளை விரலால் முழுக்க உடையுங்கள். உடையாத கட்டி தங்கத்தை ஒட்டிக்கொண்டு வெளியே உருண்டுவிடும். பிறகு சாய்க்காமல், மட்டமாகவே பக்கவாட்டில் வேகமாகக் குலுக்குங்கள். இந்தக் குலுக்கலில்தான் கனமானது அடிக்குப் போகிறது. இதற்கு ஒதுக்கும் அரை நிமிடத்தை மிச்சம் பிடிப்பவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. அப்புறம் பள்ளங்கள் உள்ள பக்கத்தை முன்னால் சாய்த்து, அலை போலத் தண்ணீரை ஏற்றி இறக்கி மேல்மணலைக் கழுவுங்கள். ஐந்தாறு முறைக்கு ஒருதரம் மட்டமாக்கி மறுபடி குலுக்குங்கள். ஒரு கரண்டி அளவு வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். புதுப் பிளாஸ்டிக் தட்டிலும் கையிலும் இருக்கும் எண்ணெய்ப் பசையால் மெல்லிய தங்கத் துகள் நீர்ப்பரப்பில் மிதந்து போகும். வீட்டிலேயே தட்டைச் சோப்பால் தேய்த்துக் கழுவி எடுத்துப்போனால் அந்தத் தொல்லை இருக்காது.

எங்கே எடுப்பது? ஓடையின் உள்வளைவு, பெரிய கல்லின் கீழ்நீர்ப் பக்கம், அடிப்பாறையின் குறுக்கு வெடிப்பு. மேலாக அள்ளிய தளர்ந்த சரளையில் கிடைப்பது அபூர்வம்.

வேலை முடிந்ததும் கை கழுவாமல் சாண்ட்விச்சைத் தொடாதீர்கள். சின்னக் குழந்தைகளைக் கழிவு மேட்டு மணலில் விளையாடவும் விடாதீர்கள்.

வால்வு_வரதன்:
தங்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இந்த ஊர் கையை விட்டுப் போய்விடும். ஐந்தாம் ஜேம்ஸ் 1540இல் தன் கிரீடத்தைத் திருத்திச் செய்தபோது இந்த வட்டாரத் தங்கம் போனது உண்மை. அந்தக் கிரீடம் எடின்பரோ கோட்டையில் இருக்கிறது. ஆனால் இங்கே இரண்டரை நூற்றாண்டு குடும்பங்களுக்குச் சோறு போட்டது ஈயம். ஈயத்துக்கு எதிரி தண்ணீர். இதை மனதில் வைத்துக்கொண்டு ஸ்ட்ரெய்ட்ஸ்டெப்ஸ் பீம் எந்திரத்தின் முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள். பிரிட்டனில் அமைத்த இடத்திலேயே இன்றும் நிற்கும் ஒரே நீர்விசை பீம் எந்திரம் அது. திறந்தவெளியில், வான்லாக் ஓடைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கட்டணம் கிடையாது.

பார்த்தவுடன் நம் ஊர் ஏற்றம்தான் ஞாபகம் வரும். கல் தூணின் மேல் நீண்ட மர உத்தரம், ஒரு முனையில் சுரங்கக் குழிக்குள் இறங்கும் பம்புத் தண்டு, மறுமுனையில் ஒரு பெரிய வாளி. ஏற்றத்தில் ஆள் நடந்து எடையை மாற்றுவான். இங்கே அந்த வேலையைத் தண்ணீர் செய்கிறது. மலைச்சரிவின் தொட்டியிலிருந்து குழாய் வழியாக வாளி நிறையும். போதுமான எடை சேர்ந்ததும் வாளி இறங்கும், பம்புத் தண்டு மேலே ஏறும், சுரங்க நீர் ஒரு அடுக்கு உயரும். வாளி அடியைத் தொடும்போது அதன் வால்வு திறந்து தண்ணீர் கொட்டிவிடும். காலி வாளியைவிடப் பம்புத் தண்டு கனம் என்பதால் உத்தரம் மறுபக்கம் சாயும், வாளி மேலே வரும். மறுபடி நிறையும். ராத்திரி பகல் பாராமல் ஓடும், கரி கேட்காது.

எவ்வளவு செலவாகும் என்று போட்டுப் பார்க்கலாம். இது அந்த எந்திரத்தின் அளவு அல்ல, கணக்குக்காக நான் எடுத்த அளவு. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 20 மீட்டர் உயரம் நீர் நின்றால் அதன் எடை சுமார் 350 கிலோ. உத்தரத்தின் இரு கையும் சமம் என்றால், தண்டின் மிகை எடையையும் உராய்வையும் விட்டுவிட்டாலும் வாளிக்கு 350 லிட்டருக்கு மேல் வேண்டும். ஒரு வீச்சு ஒன்றரை மீட்டர் என்றால் வெளியே வருவது சுமார் 26 லிட்டர்தான். 350 லிட்டரைக் கொட்டி 26 லிட்டரை எடுப்பது ஊதாரித்தனமாகத் தெரியும். ஆனால் அந்த 350 ஒன்றரை மீட்டர்தான் இறங்குகிறது, 26 இருபது மீட்டர் ஏறுகிறது. வேலைக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. மழைக்குக் குறைவில்லாத மலையில் அந்த 350க்கு விலையே கிடையாது.

கெடுவது எங்கே? ஒன்று, பனி உறைந்து ஊட்டும் குழாய் அடைத்துக்கொண்டால் எந்திரம் நிற்கும், நின்ற நேரத்தில் சுரங்கம் நிறையும். இரண்டு, வறண்ட கோடையில் தொட்டி நிறையாது. மூன்று, பம்பின் தோல் வால்வு தேய்ந்தால் வீச்சு நடக்கும், தண்ணீர் வராது. வெளியிலிருந்து பார்த்தால் எந்திரம் ஓடுவதாகவே தெரியும். நாலு, கொட்டிய தண்ணீர் தானாக வடிய வேண்டும். வாளி விழும் குழி ஓடை மட்டத்துக்கு மேலே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குழியே குட்டையாகும். எந்திரம் ஏன் இந்தச் சரிவில், இந்த உயரத்தில் நிற்கிறது என்பதற்கு இதுவே விடை. பக்கத்தில் தரையில் ஒரு வட்டம் தெரியும். குதிரையைச் சுற்றவிட்டுச் சுரங்கத்திலிருந்து பாரம் தூக்கிய இடம் அது.

கம்பளிப்பூச்சி:
அருமை. ஒரு சந்தேகம்: நீராவி எந்திரம் வந்த பிறகும் ஏன் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்? பின்தங்கிய ஊர் என்பதாலா?

வால்வு_வரதன்:
பின்தங்கியதா! ஜேம்ஸ் வாட்டின் வடிவமைப்பில் ஸ்காட்லாந்தில் எழுந்த இரண்டாவது எந்திரம் இதே வான்லாக்ஹெட்டில்தான், 1779இல். கட்டியவர் ஜார்ஜ் சிமிங்டன். அவர் தம்பி வில்லியம் சிமிங்டன் லெட்ஹில்ஸில் பிறந்தவர், 1785இல் அண்ணனோடு இங்கே சேர்ந்து வேலை செய்தார். 1787இல் தன் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1803 மார்ச்சில் ஃபோர்த்-க்ளைட் கால்வாயில் தலா 70 டன் எடையுள்ள இரண்டு படகுகளை இழுத்துக் காட்டிய 'ஷார்லட் டண்டாஸ்' நீராவிப் படகு அவருடையது.

பிரச்சினை கரி. இங்கே பூமிக்கு அடியில் ஈயம் உண்டு, நிலக்கரி கிடையாது. கீழே நித் பள்ளத்தாக்கிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் ஏற்றத்தில் குதிரை வண்டியில் கொண்டுவர வேண்டும். ஆழமான சுரங்கத்துக்கு அந்தச் செலவு கட்டும், ஆழம் குறைந்ததற்குக் கட்டாது. அதனால் நீராவி, நீர்ச்சக்கரம், வாளி எந்திரம், குதிரை எல்லாம் ஒரே பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து ஓடின.

வன்னிக்காற்று:
வரதன் அண்ணை சொன்ன எந்திரம் எங்கட பக்கத்துத் துலா மாதிரித்தான். நான் நூலகத்தைப் பற்றிச் சொல்லுறன், அதை விட்டிட்டு வந்தால் போனதுக்குப் பிரயோசனம் இல்லை.

லெட்ஹில்ஸ் சுரங்கத் தொழிலாளர் நூலகம் 1741, வான்லாக்ஹெட் நூலகம் 1756. சந்தா கட்டிப் புத்தகம் எடுக்கிற நூலகங்களில லெட்ஹில்ஸ்தான் பிரிட்டனிலயே பழையது எண்டு சொல்லுவினம். பிரபுக்கள் கட்டிக் குடுத்த தருமம் இல்லை இது. தொழிலாளர் தாங்களே சந்தா போட்டு, தாங்களே விதி எழுதி, தாங்களே புத்தகம் தெரிஞ்சு நடத்தினது. 1803 ஆகஸ்டில டொரதி வேர்ட்ஸ்வர்த், அண்ணர் வில்லியம், கோல்ரிட்ஜ் மூண்டு பேரும் இந்தப் பாதையால போகேக்க, ஒரு சுரங்கத் தொழிலாளியோட கதைச்சு, ஊரில நூலகம் இருக்கெண்டு கேட்டு ஆச்சரியப்பட்டதை டொரதி தன்ர பயணக் குறிப்பில எழுதி வைச்சிருக்கிறா.

லெட்ஹில்ஸ் நூலகம் துவங்கின காலத்தில அங்க சுரங்க மனேச்சராய் இருந்தவர் ஜேம்ஸ் ஸ்டேர்லிங். கணிதம் படிச்சவைக்குத் தெரியும், பெரிய எண்களின்ர ஃபாக்டோரியலைக் கிட்டத்தட்டக் கணிக்கிற 'ஸ்டேர்லிங் சூத்திரம்' அவற்ற பேரிலதான் இருக்கு. அந்தச் சூத்திரத்தோட சேர்ந்த அவற்ற புத்தகம் 1730இல வந்தது, அதுக்குப் பிறகுதான் மலைக்கு வந்தவர். நிலத்துக்குக் கீழ வேலை நேரம் ஆறு மணித்தியாலம். மிச்ச நேரத்துக்குத் தோட்டமும் வாசிப்பும். காலநிலை இப்பிடி எண்டால், ஆறு மாதம் வீட்டுக்குள்ளதான் இருக்க வேணும், வாசிக்காமல் வேற என்ன செய்யிறது?

வால்வு_வரதன்:
ஸ்டெர்லிங்கைச் சொன்னதற்கு நன்றி தம்பி. அவரும் தண்ணீர் ஆள்தான். விழும் தண்ணீரைக் கொண்டு காற்றை அழுத்தி ஊதும் கருவி பற்றி 1745இல் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை எழுதினார். செங்குத்துக் குழாயில் தண்ணீர் விழும்போது பக்கத்துத் துளைகளால் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். கீழே மூடிய பெட்டியில் இரண்டும் பிரியும், தண்ணீர் அடிவழியே வடியும், காற்றுக்கு ஒரே வழி மேலே வைத்த குழல். நகரும் பாகம் ஒன்றும் இல்லை, ஆகவே உடைய ஒன்றும் இல்லை. உலைக்கு ஊதவும் சுரங்கத்துக்குள் காற்று அனுப்பவும் உதவும்.

சுண்ணாம்புக்கல்:
உலையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஊருக்குக் கீழே மெடோஃபுட் பக்கம் நடக்கும்போது புல் முளைக்காத திட்டுகளைப் பார்த்துப் பலர் "பழைய குவாரி" என்று நினைத்துப் போய்விடுகிறார்கள். அது ஈயம் உருக்கிய இடம்.

வெட்டி எடுத்த கல்லில் தாது கொஞ்சம்தான். முதலில் உடைத்து, நொறுக்கி, ஓடும் நீரில் அலசிப் பிரிப்பார்கள். மேலே மணல்சலிப்பான் சொன்ன அதே அடர்த்திக் கணக்குதான், அளவு மட்டும் பெரியது. கலீனாவைக் காற்றில் வறுத்தால் ஒரு பகுதி ஆக்சைடு ஆகும், கந்தகம் புகையாகப் போகும். அந்த ஆக்சைடு மிச்சமுள்ள கலீனாவோடு வினைபுரிந்து ஈயம் உருகி வடியும். பிசகு எதில் வரும் என்றால் சூட்டில். அதிகம் போனால் ஈயமே ஆவியாகிப் புகையோடு கிளம்பிவிடும், குறைந்தால் கசடோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இந்த மாதிரி உலைகளில் புகையை நேராக மேலே விடாமல் மலைச்சரிவில் நீண்ட புகைக்கால்வாய் கட்டினார்கள். குளிர்ந்த சுவரில் ஈயத்தூள் படியும், ஆள் இறங்கிச் சுரண்டி மறுபடி உலையில் போடுவார். அந்தச் சுரண்டும் வேலை ஆயுளைத் தின்றது. படியாமல் தப்பிய புகை மேய்ச்சல் நிலத்தில் இறங்கி ஆடுமாடுகளைத் தின்றது. திட்டுகளில் இன்னும் புல் தயங்குவது அதனால்தான்.

கனிமம் சேகரிப்பவர்களுக்கு லெட்ஹில்ஸ்-வான்லாக்ஹெட் உலகப் பெயர் பெற்ற இடம். லெட்ஹில்லைட், லானர்கைட், கலிடோனைட், சூசனைட் எல்லாம் முதலில் விவரிக்கப்பட்டது இங்கே கிடைத்த மாதிரிகளிலிருந்து. அதற்காகக் கழிவு மேட்டைத் தோண்டலாம் என்று அர்த்தமில்லை. பல மேடுகள் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்கள்.

பழைய சுரங்க வாய்க்குள் தலையை நீட்டவும் வேண்டாம். ஆக்சிஜன் குறைந்த காற்றுக்கு வாசனை கிடையாது. புல் மூடிய மேட்டில் குழிவாகத் தெரியும் இடத்தைச் சுற்றிப் போங்கள். மரத்தால் மூடிய குத்துக்குழியாக இருக்கலாம், மரம் நூறு வருஷத்தில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளே பார்க்க ஆசையென்றால் மியூசியத்தின் லாக்னெல் சுரங்கத்துக்கு வழிகாட்டியோடு போகலாம். தலைக்கவசம் தருவார்கள். உள்ளே ஜூனிலும் குளிர், கூரை தாழ்வு, மேலிருந்து சொட்டும். மியூசியம் பொதுவாக ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான், கிழமைகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நேரோகேஜ்:
கார் இல்லாதவருக்கு இன்னும் யாரும் வழி சொல்லவில்லையே. ரயில்: கிளாஸ்கோ சென்ட்ரலிலிருந்து கில்மார்னக், டம்ஃப்ரீஸ் வழியாகக் கார்லைல் போகும் பாதையில் சாங்கர் நிலையம். ஞாயிறன்று வண்டிகள் மிகக் குறைவு, அதனால் சனி போய் ஞாயிறு திரும்பும் திட்டம் என்றால் திரும்பும் வண்டியை முதலில் பாருங்கள். அங்கிருந்து மேலே ஏறப் பேருந்தை நம்பித் திட்டம் போட வேண்டாம். டாக்சியை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், நிலையத்தில் நிற்காது. ஊரில் பெரிய கடை கிடையாது. சாப்பாட்டுச் சாமானைச் சாங்கரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

வான்லாக்ஹெட்டுக்கு ஒரு காலத்தில் ரயிலே இருந்தது. எல்வன்ஃபுட்டில் மெயின் லைனை விட்டுப் பிரிந்து 1901இல் லெட்ஹில்ஸ், 1902இல் வான்லாக்ஹெட் வரை வந்தது. 1,498 அடி உயரம், பல்சக்கரம் இல்லாமல் ஏறும் ஸ்டாண்டர்ட் கேஜ் பாதைகளில் பிரிட்டனிலேயே உச்சம். 1896ஆம் ஆண்டின் இலகு ரயில் சட்டத்தில் கட்டியது, அதனால் வேகம் குறைவு, செலவும் குறைவு. வழியில் ரிஸ்பிங் க்ளூ என்ற இடத்தில் எட்டு வளைவுப் பாலம், ராபர்ட் மெக்ஆல்பைன் கான்கிரீட்டில் கட்டி மேலே சுட்ட செங்கல் போர்த்தியது. 1991இல் இடித்துவிட்டார்கள். ஈய விலை விழுந்து 1934இல் சுரங்கம் மூடியதும் ரயிலுக்கும் வேலை போயிற்று. 1938ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தம். சுரங்கத்தை 1950களில் கொஞ்ச காலம் திறந்து பார்த்தார்கள், ரயில் திரும்பி வரவில்லை. இப்போது அதே தடத்தில் ஒரு பகுதியில் இரண்டு அடி அகலக் குட்டிப் பாதை, லெட்ஹில்ஸிலிருந்து தன்னார்வலர்கள் நடத்துவது, கோடை வார இறுதிகளில் மட்டும்.

ஒற்றையடி:
டாக்சி எதற்கு, நடந்தே போகலாம். சாங்கரிலிருந்து வான்லாக்ஹெட் வரை சதர்ன் அப்லேண்ட் வே செல்கிறது. போர்ட்பாட்ரிக் முதல் காக்பர்ன்ஸ்பாத் வரை கடலுக்குக் கடல் 344 கிலோமீட்டர் பாதை அது, அதில் இந்தத் துண்டு சுமார் 13 கிலோமீட்டர். மென்னக் கணவாய் ரோட்டை விட இது நல்லது. கணவாய்ச் சாலை அழகுதான், ஆனால் நடைபாதை இல்லாத வளைவுகள், ரோட்டிலேயே படுத்திருக்கும் ஆடுகள், அவற்றைத் தவிர்க்கத் திரும்பும் வண்டிகள்.

நேரக் கணக்குக்கு நைஸ்மித் விதி போதும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்னது. சேற்றுக்கும் முதுகுச் சுமைக்கும் தனியாகக் கூட்டுங்கள். இந்தத் துண்டுக்கு நாலரை மணி வைத்தால் அவசரமில்லாமல் போகலாம். வரைபடம் ஓ.எஸ். (ஆர்ட்னன்ஸ் சர்வே) எக்ஸ்ப்ளோரர் 329. பள்ளங்களில் போன் சிக்னலை நம்ப வேண்டாம்.

இரண்டாம் நாளுக்கு லோதர் ஹில், 725 மீட்டர். ஊரிலிருந்தே தார் ரோடு உச்சி வரை போகிறது. உச்சியில் வெள்ளைப் பந்து போல் நிற்பது விமானப் போக்குவரத்து ரேடார். ரோடு தனியார் வண்டிகளுக்கு மூடியது, நடக்கவும் சைக்கிளுக்கும் தடையில்லை. முதுகுமேட்டிலேயே தொடர்ந்தால் க்ரீன் லோதர், 732 மீட்டர், வட்டாரத்தின் உச்சம். "தார் ரோடுதானே" என்று மெல்லிய சட்டையோடு கிளம்புபவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். ஊரில் வெயிலடிக்கும்போதே மேலே மேகம் இறங்கி இருபது மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் போகும். ரோட்டை விட்டு விலகாத வரை ஆபத்தில்லை, குறுக்குவழி பிடித்தால் பீட் சதுப்பு.

மலைச்சரிவில் சதுரம் சதுரமாக வெவ்வேறு நிறத்தில் ஹீதர் தெரியும். நோய் அல்ல. க்ரௌஸ் பறவைக்காக முறைவைத்து எரிக்கிறார்கள்: இளந்தளிர் தீனிக்கு, முதிர்ந்த புதர் ஒளிய.

வன்னிக்காற்று:
உண்ணியை மறந்திட்டியள். ஜூனில ஹீதருக்குள்ளயும் பிரேக்கன் எண்ட பன்னச் செடிக்குள்ளயும் நடந்தால் காலில ஏறும். நீளக் காற்சட்டை, அதைச் சொக்ஸுக்குள்ள விடுங்கோ. பின்னேரம் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கோ. கடிச்சிருந்தால் தோலோட ஒட்டப் பிடிச்சு நேரா மேல இழுக்க வேணும். எண்ணெய் பூசுறது, நெருப்பால சுடுறது கூடாது, வயித்தில இருக்கிறதை உள்ளுக்குக் கக்கிப்போடும். பிறகு கடிச்ச இடத்தைச் சுத்திச் சிவப்பு வட்டம் விரிஞ்சால் டொக்டரிட்டப் போங்கோ, லைம் நோயாய் இருக்கலாம்.

கம்பளிப்பூச்சி:
அப்படியானால் திட்டம் இப்படி: வெள்ளி காலை ரயில், சாங்கரிலிருந்து நடை, இரவு ஊரில். சனி காலை மியூசியம், லாக்னெல், நூலகம், பீம் எந்திரம். மதியம் லோதர் ஹில். இரவு தங்கி ஞாயிறு திரும்புதல். தங்கம் அலசுவதை விட்டுவிடலாமா?

மணல்சலிப்பான்:
விட வேண்டாம். மியூசியத்திலேயே அலசும் முறையைச் சொல்லித்தருவார்கள், தொட்டியில் பயிலலாம், தனி அனுமதி வேண்டியதில்லை. அன்று அது நடக்கிறதா என்று மட்டும் மின்னஞ்சலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒற்றையடி:
வரிசையை மாற்றுங்கள். லோதர் ஹில் காலையில், மியூசியம் மதியம். மேகம் இறங்கினால் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம், சுரங்கத்துக்குள் மேகம் வராது.

நேரோகேஜ்:
ஞாயிறு ரயில் நேரம் பார்த்தீர்களா? அதைப் பார்த்த பிறகு அறை பதிவு செய்யுங்கள். ஊரில் தங்குமிடம் விரல் விட்டு எண்ணும் அளவுதான், மே கடைசியில் தங்கம் அலசும் போட்டி நடக்கும் வாரத்தில் அதுவும் கிடைக்காது. ஜூன் என்பதால் தப்பித்தீர்கள்.